இளவட்டக்கல்லும் யேசுதாஸின் கையும்

இராயபுரம்,
18-5-1952

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் ராசையா அவர்களுக்கு, மைத்துனன் தவசிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே கருப்பட்டிக் கடை நலம், நீங்கள் ரயிலில் அனுப்பிய இளவட்டக்கல்லும் நலம். மனிதர்களைப் பற்றித்தான் கீழே எழுத வேண்டியிருக்கிறது. அங்கே அக்காளும் பிள்ளைகளும் ஆடு மாடுகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

என் மூத்த மகள் தங்கபுஷ்பம், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டும் யேசுதாஸைத்தான் கட்டுவேன் என்று நின்றதும், பையன் பத்து வருஷமாகக் குத்துச்சண்டை போடுகிறவன், பம்பாய்ப் போட்டிக்குத் தேர்வானவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சும்மா சரியென்று சொல்லியிருக்கலாம். நீங்கள் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுத்தானே அக்காளைக் கட்டினீர்கள், பட்டணத்து மாப்பிள்ளைக்கு மட்டும் என்ன சலுகை என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல் வந்து இறங்கியபோது கூட்ஸ் ஷெட் குமாஸ்தா இது என்ன சாமான் என்று கேட்டார். கல்யாணச் சாமான் என்றேன். யேசுதாஸ் முகம் கோணாமல் என் சரக்குக் கிட்டங்கியிலேயே, நாரால் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்களைத் தூக்கிப் பழகினான். நான் முட்டையாக வாங்கிப் போட்டேன். இரண்டு மாதத்தில் அவன் சட்டைக் கை தையல் விட்டுவிட்டது. ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் தையல்காரர் டேப்பால் அவன் புஜத்தை அளந்து தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுடைய குத்துச்சண்டை வாத்தியார் ஹுமாயூன் மட்டும் கடைக்கு வந்து, "நைனா, இது குத்துற கை. கல்லு தூக்கணும்னா ஒரு வருசம் வுடு. அவசரப்பட்டா பேஜாராப் பூடும்" என்றார். பம்பாய்க்காக ஆளைப் பதுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஈஸ்டருக்கு மறுநாளே நாள் குறித்தேன்.

தெருவே கூடிவிட்டது அத்தான். கல் முழங்காலுக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, அப்போது டப்பென்று ஒரு சத்தம். கயிறு அறுந்துவிட்டது என்று நான் கயிற்றைத் தேடினேன். கல்லுக்குக் கயிறே கட்டவில்லை. பையனுடைய வலது புஜத்துச் சதை உருண்டு தோள்பக்கம் ஏறி நின்றது. கல்லுக்கு ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: சதைக்கு ரத்தம் தாராளமாக ஓடுவதால் மாதக்கணக்கில் பெருத்துவிடுமாம், சதையை எலும்போடு கட்டியிருக்கும் நாருக்கு அவ்வளவு ரத்தம் போகாதாம், அது தடித்து வலுவாக வருஷக்கணக்கில் ஆகுமாம். பத்து வருஷம் குத்திக் குத்திக் குத்துக்குத் தக்கபடி சதையும் நாரும் சேர்ந்தே தேறிய கை அது. தூக்குவதற்கு நான் வளர்த்ததோ சதையை மட்டும்தான். சிப்பம் பெருத்தது, கட்டிய நார் பழைய நார். ஆயுள் முழுக்கச் சிப்பம் கட்டுகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அறுந்ததைத் தைத்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். பம்பாய்க்கு வேறு பையன் போனான்.

தங்கபுஷ்பம் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒருநாள், சோற்றை வைத்துவிட்டு, "பேசாம அந்தக் கல்லையே நான் கெட்டிக்கிடுதேன்பா" என்றாள். மன்னிப்புக் கேட்கலாமென்று யேசுதாஸிடம் போனேன். அவனோ என்னைக் கண்டதும் பயந்துபோய், "மாமு, கல்லத் தூக்கலன்னு பொண்ண வேற எங்கியும் குடுத்துடாத. மூணு முடிச்சு போட ரெண்டு கையும் வோணும், அதுவரிக்கும் பொறுத்துக்கோ" என்றான். நடுத்தெருவில் நின்று அழுதேன் அத்தான்.

ஆகையால் கை ஆறியதும் கல்லில்லாமலே கல்யாணம். நீங்களும் அக்காளும் முன்கூட்டியே வந்து ஆசீர்வதிக்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன கல்லை நாளையே காசிமேட்டுக் கடலில் போட்டுவிடுவேன், இனி நம் வம்சத்தில் அதன் பேச்சே வேண்டாம். அக்காளுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்
தவசிமுத்து

பி.கு. (மறுநாள்): கல்லை வண்டியில் ஏற்ற யாராலும் முடியவில்லை, கடை வாசலிலேயே கிடக்கிறது. இளையவள் தேவகிருபையின் கல்யாணத்துக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது. மாப்பிள்ளை யாரென்று இப்போதே பார்த்துச் சொன்னால், பையனை மெதுவாகத் தூக்கிப் பழகவிடலாம். நாருக்கும் அவகாசம் கிடைக்கும்.