ஒப்பட்டுக்கு ஒரு வேண்டுதல்

அன்று கோயிலுக்குப் போன காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர் ஹெர்பர்ட், காக்ஸ் டவுன்காரர். சேஷகிரியோடு ஒரே தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அவர் பக்கத்தில் சேஷகிரி, தொம்மலூர், வயது அறுபத்தேழு, அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் ஹெர்பர்ட்டின் மனைவி ஜோசஃபின். அவளுக்குப் பக்கத்தில் சேஷகிரியின் மனைவி மகா. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் சேஷகிரியின் சர்க்கரை வியாதி. ஆறு வருஷமாக அது இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை.

டாக்டர் இனிப்பைக் குறைக்கத்தான் சொன்னார். மகா நிறுத்தியே விட்டாள். ஆறு தீபாவளிக்கும் மைசூர் பாகை சேஷகிரி கண்ணால் மட்டும் சாப்பிட்டார். காபிக்குச் சர்க்கரை கேட்டால், "வெல்லம் போட்ட மாதிரி நினைச்சுக் குடிங்க" என்பாள். அவரும் நினைத்துப் பார்த்தார். நினைப்பு கசந்தது.

அப்போதுதான் ஹெர்பர்ட் அந்தச் செய்தியைச் சொன்னார். ஆனேக்கல் தாண்டி ஹொன்னகட்டே என்று ஒரு கிராமம். அங்கே ஒரு சிவன் கோயில். வருஷம் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட்டு இலவசச் சாப்பாடு. கார்த்திகை சோமவாரம் மட்டும் இலைக்கு ஓர் ஒப்பட்டு, மேலே நெய். தமிழில் போளி என்றால் அதுதான். ஆனால் அந்த ஊர் ஒப்பட்டைப் போளி என்று சொல்வது யானையை மாடு என்று சொல்வது மாதிரி என்றார் ஹெர்பர்ட்.

சேஷகிரிக்கு அன்றிலிருந்து தூக்கம் குறைந்தது. நான்காம் நாள் திட்டம் தயார். கோயிலுக்குக் கூப்பிட்டால் மகா வருவாள். ஆனால் சாப்பாட்டில் கையை வைத்தால் தடுப்பாள். தடுக்க முடியாத காரணம் ஒன்று வேண்டும். கண்டுபிடித்தார்.

"மகா, போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் ஒரு வேண்டுதல் வெச்சேன்."

மகா கீரை ஆய்வதை நிறுத்தினாள். பித்தப்பை ஆபரேஷன் சிக்கலாகி அவள் ஒன்பது நாள் படுத்திருந்தது போன வருஷம்தான்.

"நீங்களா? வேண்டுதலா? என்னன்னு?"

"நீ நல்லபடியா வீட்டுக்கு வந்தா, ஹொன்னகட்டே கோயில்ல தரையில உட்கார்ந்து, இலையில விழறதை விழுந்தபடி சாப்பிடறேன்னு."

"விழுந்தபடின்னா?"

"எதையும் ஒதுக்காம."

"என்னைக்குப் போகணும்?"

"கார்த்திகை முதல் சோமவாரம்."

"அன்னைக்கு அங்க ஒப்பட்டு போடுவாங்களாமே?"

"அப்படியா? எனக்குத் தெரியாதே!"

மகா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கீரையைப் பார்த்தாள். "சாமி காரியம். நான் குறுக்க நிக்கமாட்டேன். இலையில விழுந்தா சாப்பிட்டுக்குங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமாக மகா எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சேஷகிரியோ தீப்பெட்டியைத் தேடி எடுத்துச் சாமி படத்துக்கு விளக்கேற்றினார்.

கோயிலில் தரிசனம் ஏழே நிமிஷத்தில் முடிந்தது. சாப்பாட்டு மண்டப வாசலில் நாகேஷ் நின்றிருந்தார். சமையலுக்கும் பந்திக்கும் அவர்தான் பொறுப்பு.

"பன்னி சார், பன்னி. ஊட்டா ரெடி. உட்காருங்க." கன்னடத்தில் 'பன்னி' என்றால் வாங்க, 'ஊட்டா' என்றால் சாப்பாடு.

சேஷகிரி செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று ஹெர்பர்ட் காலில் போய் விழுந்தது.

மகா முன்னால் வந்தாள். "அண்ணா, இவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. இந்தக் கோயில்ல அதுக்கு என்ன முறை?"

நாகேஷின் முகம் மலர்ந்தது. "ஹரகேயா? முதல்லயே சொல்லக்கூடாதா சார்! ஹரகே இருக்கிறவங்க பரிமாறணும். எல்லாரும் சாப்பிட்ட அப்புறம்தான் உட்காரணும். அதுதான் இங்க வழக்கம்." உள்ளே திரும்பிக் கத்தினார்: "டேய், ஒப்பட்டுத் தாம்பாளத்தை சார்கிட்ட கொடுங்க!"

"எனக்குப் பரிமாறத் தெரியாதுங்க. நாலு பேர் முன்னால நிக்கவே கூச்சம்."

"நாலு பேர் எங்க சார்? முதல் பந்தியிலயே நூத்துக்கு மேல இருக்காங்க."

சேஷகிரி மகாவைப் பார்த்தார். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "நீ உட்காரலயா?" என்றார். "நான் அப்புறம்" என்றாள்.

தாம்பாளம் சூடாக இருந்தது. ஏலக்காய் வாசனை நேராக மூக்கில் ஏறியது. ஆறு வருஷம் பிரிந்திருந்த சொந்தக்காரனைக் கையில் தூக்கிக்கொண்டு, ஊராருக்கு அவனை எடுத்துக் கொடுப்பது போலிருந்தது அவருக்கு. ஆனால் ஸ்டோர் கீப்பர் ஸ்டோர் கீப்பர்தான். எத்தனை சுட்டது என்று கேட்டுக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டு.

முதல் பந்தி நூற்று முப்பத்திரண்டு இலை. அதில்தான் ஹெர்பர்ட் இருந்தார்.

"யோவ் ஸ்டோர் கீப்பரே, ரெஜிஸ்டர்ல ஏத்தாம இன்னொண்ணு தள்ளுய்யா."

"இலைக்கு ஒண்ணுதான்."

"முப்பத்தோரு வருஷ சிநேகிதம்யா!"

"போட்டுடுங்க அண்ணா, அவர் வயித்துக்கு ஒண்ணு கொசு மாதிரி" என்றாள் ஜோசஃபின்.

வைத்தார். கணக்கில்லாமல் அவர் கையை விட்டுப் போன முதல் சரக்கு அது.

இரண்டாம் பந்தி நூற்று நாற்பது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போனது. ஆனால் நடுவில் ஏதோ ஆனது. ஒப்பட்டை இலையில் வைக்கும்போது ஒவ்வொருவரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் ஜன்னல் வழியாகச் சாமான் கொடுத்தவர் அவர். வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்றாம் பந்தியில், நூற்று இருபத்தேழு இலைக்கும், "மெதுவா சாப்பிடுங்க, மெதுவா" என்று அவராகவே சொல்லிக்கொண்டு போனார். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஹெர்பர்ட்டின் கள்ளக் கணக்கையும் சேர்த்து நானூறு போயிற்று. தாம்பாளத்தில் பன்னிரண்டு. இனிச் சாப்பிட வேண்டியவர்கள் நாகேஷையும் சேர்த்துப் பரிமாறிய உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர், மகா, அவர். ஆக ஏழு. சேஷகிரிக்கு வாயில் ஊறியது.

"சார், இன்னொரு வேலை" என்றார் நாகேஷ். "ஹரகே இருக்கிறவர் வாசல்ல நின்னு, பசியோட யாராவது இருக்கீங்களான்னு மூணு தடவை கூப்பிடணும். பதில் வரலேன்னா நாம உட்காரலாம்."

சேஷகிரி வாசலுக்குப் போனார். "யாராவது பசியோட..." என்றார்.

"சார், பக்கத்துல இருக்கிற எனக்கே கேக்கல."

இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. தெருவில் யாரும் இல்லை. மூன்றாவதை வாய்க்குள்ளேயே முடித்திருக்கலாம். ஆனால் மூன்று என்றால் மூன்று. ஸ்டோரில் அவர் எதையும் இரண்டரை என்று எழுதியதில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"யாராவது பசியோட இருக்கீங்களா? ஊட்டக்கே பன்னி!"

"இருக்கோம் சாமி!" என்று பதில் வந்தது.

திருப்பத்தில் ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் வந்த அம்மாள் எல்லம்மா, நீலசந்திராவிலிருந்து. "ஊருக்குக் கொஞ்சம் முன்னாலயே டெம்போ டயர் போயிடுச்சு, நடந்தே வந்தோம் சாமி. பந்தி முடிஞ்சுதுன்னு நினைச்சுத் திரும்ப இருந்தோம். உன் குரல் கேட்டுச்சு, ஓடியாந்தோம். நீ நல்லா இருக்கணும்."

பதினொரு பேர். பதினொரு ஒப்பட்டு. மிச்சம் ஒன்று.

ஐந்து உள்ளூர்க்காரர்களும் கையை ஆட்டினார்கள். "நாங்க தினம் இங்கதான் சார். நீங்க எடுத்துக்குங்க." மகாவும், "எனக்கு வேண்டாம், அவருக்கே போடுங்க" என்றாள்.

சேஷகிரி உட்கார்ந்தார். இலை விழுந்தது. அதன் நடுவில் ஒப்பட்டு விழுந்தது. நெய்யும் விழுந்தது. சொன்ன சொல் தவறாமல் மகா குறுக்கே நிற்கவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள். அவர் கையைக் கழுவி, கண்ணை மூடி, திறந்தார்.

"என்னங்க" என்று வாசலிலிருந்து குரல். "பதினொரு பேர்னு சரியா எண்ணினீங்க. டெம்போ தானா உருண்டு வந்துச்சா?"

அவள் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தான். கை இரண்டும் டயர்க் கறுப்பு. "அசோகன் சார். டிரைவர். ஸ்டெப்னி மாத்திட்டு வர லேட்டாயிடுச்சு."

முப்பத்தோரு வருஷத்தில் சேஷகிரிக்கு எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிசகியதில்லை. எழுந்தார். "கையைக் கழுவிட்டு வாப்பா. இன்னும் தொடல. உன் இலைதான் இது."

அசோகன் ஒப்பட்டைப் பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடியதை அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பொறாமை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பிறகு மகாவும் அவரும் கடைசியில் உட்கார்ந்தார்கள். சாதம், சாறு என்று அங்கே சொல்லும் ரசம், பருப்புக் கோசம்பரி, மோர். நான்கு மணி பசியில் எல்லாமே அமிர்தமாக இருந்தது.

"மகா, ஒரு விஷயம். நான் வேண்டுதல் எதுவும் வைக்கல."

"தெரியும். ஒன்பது நாளும் நீங்க சாமி பக்கமே திரும்பல. டிரிப் சொட்டை எண்ணிட்டு இருந்தீங்க. நிமிஷத்துக்கு இருபத்திரண்டுதான் விழுதுன்னு நர்ஸோட சண்டை வேற. கண்ணு முழிச்சப்பல்லாம் நீங்க எண்ணிட்டுதான் இருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் பொழைச்சுடுவோம்னு எனக்கே தைரியம் வந்துச்சு."

சேஷகிரி முழங்கையால் கண்ணைத் துடைத்தார். காரம் என்று சொல்லிக்கொண்டார்.

"வேண்டிக்கிட்டது நான்" என்றாள் மகா. "ஆஸ்பத்திரிக்கு வந்த ஜோசஃபின்தான் இந்தக் கோயிலைப் பத்திச் சொன்னா. எழுந்து நடந்தேன்னா என் வீட்டுக்காரர் வந்து இதே கோயில்ல தன் கையால பரிமாறுவார்னு."

"என்னைக் கேட்காமலா?"

"சாமியைக் கேட்டேனே. கூச்சப்படற மனுஷனை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு ஒரு வருஷமா முழிச்சேன். நீங்களே வந்து கதை சொன்னீங்க. சாமி நல்லவர்."

சேஷகிரி மோரைக் குடித்து முடித்தார். மனசு நிறைந்திருந்தது. தோற்றதில் கூட ஒரு ருசி இருந்தது.

"சரி, உன் வேண்டுதல் தீர்ந்தது."

"எங்க தீர்ந்தது? கார்த்திகையில நாலு சோமவாரம். நாலுக்கும்தான் வேண்டிக்கிட்டேன்" என்று மகா இலையை மடித்தாள். "மிச்சம் மூணு."