முதல் கியரில் பின்னோக்கி

எந்த இயந்திரத்தையும் யார் வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். கழற்றும்போது எல்லோருமே மெக்கானிக்தான். திரும்ப மாட்டும்போதுதான் ஒருவர் கணக்கு வாத்தியார் என்பது வெளியே தெரியும். நான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார்.

என் மாமனாருக்கு ஏரல் பக்கத்தில் வாழைத்தோட்டம். அங்கே கொட்டகையில் ஒரு பழைய குட்டி டிராக்டர் கிடந்தது. அவருடைய அப்பா ஏதோ எஸ்டேட் ஏலத்தில் எடுத்துவந்த வெளிநாட்டுச் சரக்கு. வாழை வரிசைகளுக்கு நடுவே புகுந்து போகிற அளவுக்கு ஒடுக்கம். பெரிய டிராக்டர் பெற்றுப்போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இதப் பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு பாக்கேன் மாப்பிளை" என்றார் மாமனார். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வேண்டாம் மாமா, நான் ஓட வச்சுத் தாரேன்" என்றேன். (அதுவரை நான் பழுதுபார்த்த ஒரே பொருள் என் மூக்குக்கண்ணாடி.)

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்ததும் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: இந்த வருடம் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் விருந்துக்கு, எங்கள் வீட்டு அரிசி மூட்டைகளும் வாழைத்தார்களும் அப்பாவின் டிராக்டரில்தான் வரும்.

வாரக்கடைசி எல்லாம் நானும் மச்சினன் செல்வினும் கொட்டகையிலேயே கிடந்தோம். செல்வின் வங்கியில் வேலை பார்ப்பவன். அவன் வீடியோ பார்த்துச் சொல்வான், நான் ஸ்பானர் பிடிப்பேன். துருவைச் சுரண்டினோம். எண்ணெய் டேங்கில் குடியிருந்த குளவிகளைக் கிளப்பினோம். குளவி கொட்டி வீங்கியதில் செல்வினின் ஒரு கன்னம் மட்டும் பணக்காரக் கன்னம் ஆனது. பின்பக்கத்துக் கியர் பெட்டியையும் திறந்து, பல்சக்கரங்களை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினோம். மாட்டும்போது குழம்பக்கூடாதே என்று ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அப்படியே மாட்டினோம்.

கைப்பிடி போட்டுச் சுற்றியதும் எஞ்சின் இருமியது, புகை கக்கியது, ஓடியே விட்டது. செல்வின் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். புது டயர்கள் அசனத்துக்கு முந்தின நாள் மாலைதான் வந்து சேர்ந்ததால் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடினால் வண்டியும் ஓடும் என்பது எங்கள் தேற்றம்.

அசனத்தன்று காலை தோட்டத்தில் நல்ல கூட்டம். ஜெபம் பண்ண ஐயரும் வந்திருந்தார். (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்.) வெள்ளை அங்கியோடு டிராக்டர் மேல் கைவைத்து, "இந்த வாகனமும் இதை ஓட்டுகிற தம்பியும் எந்நாளும் முன்னேறிச் செல்லக் கிருபை தாரும்" என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

நான் சீட்டில் ஏறினேன். பொறுப்பான ஆள் அல்லவா, "யாரும் முன்னால நிக்காதீங்க, எல்லாரும் பின்னால போயிருங்க" என்று உத்தரவு போட்டேன். ஐயர்தான் முதல் ஆளாகப் பின்னால் போய் நின்றார்.

முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். எதிரே நின்ற வாழைமரங்கள் என்னைவிட்டு விலகிப் போயின. மரம் ஏன் போகிறது என்றுதான் முதலில் யோசித்தேன்.

"அத்தான், பின்னால வருது அத்தான்!" என்று செல்வின் அலறினான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நொறுங்கும் சத்தம் கேட்டது.

"என்ன செய்யுதீய மாப்பிளை? முன்னால போங்க!" என்றார் மாமனார்.

"முன்னாலதான் மாமா போறேன்!"

நிறுத்தினேன். கைதவறி ரிவர்ஸ் விழுந்திருக்கும் என்று, கியர் கம்பியைப் பார்த்து இரண்டாவது கியரைப் போட்டேன். இப்போது இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கூட்டம் இரண்டு பக்கமும் சிதறியது. ஐயர் மட்டும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகவே ஓடினார். வாய்க்கால் வந்தது. குதித்துவிட்டார். டிராக்டர் கரைமேட்டில் முட்டி அணைந்தது.

இறங்கி வந்தால் ஆளுக்கொரு விளக்கம். எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்துது என்றார் மாமனார். இடது டயரையும் வலது டயரையும் மாற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்றான் செல்வின். இடுப்பளவு நனைந்து கரையேறிய ஐயர், "தம்பி, ஒருவேளை சீட்டத் திருப்பி வச்சிட்டீங்களோ?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாக இருக்குமோ என்று தோன்றியதுதான் கொடுமை. முன், பின் என்ற சொற்களுக்கே அர்த்தம் மறந்து நின்றேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து என் மாமியார் வந்தார். "இன்னும் இங்கனயே நிக்கீய, அரிசி எப்ப உலைக்குப் போறது? முன்னால போற கியரப் போட்டா பின்னால போவுதுன்னா, பின்னால போறதப் போட்டுப் பாருங்களேன்."

செல்வின் கைப்பிடி போட்டுச் சுற்றினான், நான் மறுபடி சீட்டில் ஏறினேன். ரிவர்ஸைப் போட்டேன். முன்னால் போனது.

ஆனால் ரிவர்ஸுக்கு ஒரே வேகம். அது நடக்கிற வேகம்கூட இல்லை. மூட்டைகள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர்வலமாகப் புறப்பட்டோம். ஊன்றுகோல் பிடித்த பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "பைய வாங்க" என்றார். ஐயர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வந்தார். கோயில் வருவதற்குள் அங்கி காய்ந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து, செல்வின் என் போனில் அந்தப் படங்களைப் புரட்டினான். "அத்தான், வண்டி மேல உள்ள எழுத்தெல்லாம் ஏன் திரும்பி இருக்கு?"

என் போனின் பின்பக்கக் கேமரா உடைந்திருந்தது. எல்லாவற்றையும் முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தேன். அது கண்ணாடி மாதிரி இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கிக் காட்டும். இடப்பக்கம் இருக்க வேண்டிய பெரிய பல்சக்கரத்தை, படத்தில் கண்டபடியே வலப்பக்கம் வைத்துப் பூட்டியிருக்கிறோம். அதனால்தான் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கின்றன.

"திரும்பக் கழத்திச் சரிபண்ணிருதேன் மாமா" என்றேன்.

மாமனார் பதறிப்போனார். "வேண்டாம் மாப்பிளை! இன்னொரு தடவ கழத்துனா பக்கவாட்டுல போவும்."

இன்றைக்கும் அந்த டிராக்டருக்குப் பின்னால் போக மூன்று வேகம், முன்னால் போக ஒன்று. போன வருடம் எனக்குத் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. முதலில் மாமனாருக்குத்தான் போன் செய்தேன். அவர் உண்மையான கவலையோடு கேட்டார்:

"ரொம்ப சந்தோஷம் மாப்பிளை. முன்னாலதான?"