ஆறாவது தம்ளர்

அன்புள்ள சித்திக்கு,

நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தப்பாவின் முழங்கால் நலமாக இருக்காது என்று தெரியும், ஆனாலும் முறைப்படி நம்புகிறேன். ஐந்தாவது தம்ளர் வந்து சேர்ந்தது. கீறல் இல்லை. ஆறாவதை அனுப்ப வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது.

மூன்று மாதமாக எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை ஊட்டுகிறார்கள். முதல் நாள் எல்லோரையும் நிற்கவைத்து, காகிதத்தை வீணாக்க மாட்டோம் என்று உறுதிமொழி வாங்கினார்கள். ஆளுக்கு மூன்று பிரதி. மூன்றிலும் கையெழுத்து. பிறகு ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குப்பைக்கூடை, அதில் அவரவர் ஊழியர் எண். மாலை ஐந்தரைக்குத் துப்புரவு அக்கா கைத்தராசோடு வருவார். கூடையை மாட்டுவார். எடையைச் சத்தமாகச் சொல்வார். மறுநாள் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அது எல்லோருக்கும் தெரியும். நிரந்தரம் ஆகாதவர்களின் கோப்பில் இந்த எடையும் சேரும் என்று மேலாளர் அறிவித்தார். நிரந்தரம் ஆகாதவன் எங்கள் மாடியில் நான் ஒருவன்தான்.

இப்போது உங்கள் பார்சலுக்கு வருகிறேன். பகலில் என் அறையில் ஆள் இல்லை என்பதால் அலுவலக முகவரி கொடுத்தேன், அது என் தப்பு. ஆறு தம்ளரை ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றோடொன்று முட்டும் என்று நீங்கள் ஒவ்வொன்றாக அனுப்பியது உங்கள் பாசம். ஆனால் சித்தி, ஒரு தம்ளருக்கு இரண்டு அட்டைப்பெட்டி, நடுவில் பழந்துணி, அதற்குள் பதினோரு சுற்றுச் செய்தித்தாள், அதன்மேல் பிளாஸ்டிக், அதன்மேல் டேப். நீங்கள் முட்டையை அனுப்பினால் அது உள்ளேயே குஞ்சு பொரித்து, வளர்ந்து, நடந்து வெளியே வரும். முதல் மாதமே நான்கு பார்சல் வந்தது. அக்கா என் கூடையைத் தராசில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டே கால் கிலோ. தம்பி, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

மாடி முழுக்கச் சிரித்தது. மறுநாள் பலகையில் என் எண்ணுக்கு மட்டும் சிவப்பு மை. ஊர் சிரித்தால் போதாதென்று பக்கத்து மேசைக் கணக்காளர் அம்மா ஆரஞ்சுத் தோலையும் என் கூடையில் போடத் தொடங்கினார். கேட்டேன். "உங்க கூடைதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே தம்பி, நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?" என்றார். வேலை போனால் மறுபடி உங்கள் வீட்டுக் கூடத்தில், சித்தப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டியதுதான் என்று அன்று யோசித்தேன். யோசித்தபடியே ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்றாவது மாதம் முதல் நாளே ஐந்தாவது தம்ளர் வந்ததும் பெட்டி, துணி, தாள், தோல் எல்லாவற்றையும் பையில் அடைத்து அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பிறகு தினமும் அப்படித்தான். கூடை காலி. பஸ்ஸில் பை கிழிந்து ஆரஞ்சுத் தோல் ஒரு போலீஸ்காரர் மடியில் விழுந்ததை விரிவாக எழுதவில்லை. வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்டார். "நீங்க ஆபீஸ் போறீங்களா, இல்ல பழைய பேப்பர் கடை வெச்சிருக்கீங்களா?" பூமியில் குப்பை குறையவில்லை, இடம்தான் மாறியது என்று இரவெல்லாம் தோன்றியது. காலையில் தோன்றவில்லை.

நேற்று முடிவு சொன்னார்கள். முதல் மாத எடையையும் மூன்றாவது மாத எடையையும் ஒப்பிட்டு, யார் அதிகம் குறைத்தார் என்று பார்ப்பார்களாம். அதுவரை யாருக்கும் தெரியாது. நான் நூறு சதவீதம். மேடைக்குக் கூப்பிட்டு, பிளாஸ்டிக்கில் பொதிந்த பூங்கொத்து கொடுத்தார்கள்.

கடைசி இடம் கோப்பறைக்காரருக்கு. சித்தி, அந்த மனிதர் இருபது வருடமாகப் பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறவர். பென்சிலை நகம் அளவு ஆகும்வரை விடமாட்டார். அவர் கூடை முதல் மாதமும் இருபது கிராம், மூன்றாவது மாதமும் இருபது கிராம். முன்னேற்றம் இல்லை என்று இரண்டு நாள் விழிப்புணர்வுப் பயிற்சிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, அந்தப் பயிற்சில என்ன சொல்லித் தருவாங்க?"

"உறையோட பின்பக்கம் எழுதச் சொல்லித் தருவாங்க சார்."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. பூங்கொத்து கையில் இருந்தது.

ஆகவே, எப்படி வந்த பெயரோ, வந்துவிட்டது. அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது. தம்ளர், துண்டு, கடிகாரம் எதுவும் வேண்டாம். உங்கள் பாசத்தை இனிமேல் தபால் அட்டையில் மட்டும் அனுப்புங்கள்.

சித்தப்பாவின் முழங்காலுக்கு என் வணக்கம். உங்களுக்கு அதைவிடப் பெரிய வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது மேலாளர் கூப்பிட்டார். நிரந்தரம் ஆக இரண்டு காலாண்டு தொடர்ந்து குறைத்துக் காட்ட வேண்டுமாம். "ஏற்கெனவே பூஜ்ஜியம் சார், அதுக்குக் கீழ எப்படிப் போறது?" என்றேன். "அதான் தம்பி உங்க சவால்" என்றார். புதிய காலாண்டு திங்கட்கிழமை தொடங்குகிறது. முதல் மாதம் கூடை நிறைந்தால்தான் மூன்றாவது மாதம் குறைக்க முடியும். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆறாவது தம்ளரை உடனே அனுப்பவும். வழக்கத்தைவிடப் பத்துச் சுற்றுக் கூடுதலாக. அப்படியே கோப்பறைக்காரர் பெயருக்கும் ஒரு பார்சல். அதில் தம்ளர் வேண்டாம். பெட்டி மட்டும் போதும்.