இலைக்கு அடியில் வெள்ளை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் தங்கள் அக்காவும், இடது கால் கட்டைவிரல் நீங்கலாக நானும். அங்கு தாங்களும் மனைவி மக்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நமக்குள் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருடமாகிறது. போனில் கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தாங்கள் 'ஹலோ' என்பீர்கள்; அதற்குமேல் எனக்கு வார்த்தை வராது. எழுதுவது என்றால் கைக்குப் பழக்கம், பூங்காவில் முப்பத்தொரு வருடம் பெயர்ப்பலகை எழுதிய கை. விஷயம் மிக அவசரம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் முடியவேண்டியது. ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், நான் ஏன் பயணம் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் பூங்காவின் கண்ணாடி வீட்டு வாசலில் நிற்கும் இரண்டு பனைகளைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் எல்லாம் எழுத்தில் இருப்பது நல்லது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. ஒன்று எங்கும் கிடைக்கிற தோட்ட விசிறிப்பனை, மற்றது ஒரே ஒரு மலைக்காட்டில் மட்டும் வளரும் மலை விசிறிப்பனை. இரண்டும் கன்றாக ஒரே வண்டியில் வந்தன, ஒட்டியிருந்த சீட்டுகள் மழையில் ஊறி உதிர்ந்துவிட்டன, எது எது என்று நானே தீர்மானித்து, கிழக்கே நிற்பது மலை விசிறி, மேற்கே நிற்பது தோட்ட விசிறி என்று தகரத்தில் எழுதி மாட்டினேன். மரங்கள் வளர்ந்து ஆளான பிறகு, அங்கே தோட்டக்காரராக இருந்த தாங்கள் வந்து, "அத்தான், பலகை மாறிப்போச்சு. மேக்கால நிக்கிறதோட இலைக்கு அடியில வெள்ளையா இருக்கு பாருங்க, அதுதான் மலை விசிறி" என்றீர்கள். அது சுவருக்கு வெள்ளையடித்த தூசி என்றேன் நான். தாங்கள் இயக்குநரிடம் போனீர்கள், விசாரணை வந்தது, எல்லோர் முன்னிலையிலும் நான் மேற்கு மரத்தின் ஓர் இலையை வளைத்துப் பிடித்து ஈரத்துணியால் துடைத்துக் காட்டினேன், துணியில் வெள்ளை வந்தது, என் பலகை நின்றது. தங்களை இரண்டு வருடம் உரக்குழிப் பக்கம் மாற்றினார்கள். அதன்பின் தாங்கள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் ஓய்வு பெற்ற அன்று, என் எழுத்தைச் சந்தேகப்பட்ட இடத்தில் இனிக் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டு, நான்கு வருடமாகக் காத்து வருகிறேன்.

அப்படியிருக்க, போன மாதம் ஒரு தாவர அன்பர் சங்கத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. பதினோரு நாள் பயணம், வழியில் இரண்டு பெரிய தோட்டங்கள், முடிவில் மலை விசிறி வளரும் காடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அசலைப் பார்த்து, அதன் இலைக்கடியில் வெள்ளை கிடையாது என்று படம் பிடித்து வந்து, தங்கள் வீட்டுக் கதவின் இடுக்கில் செருகிவிட்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். தங்கள் அக்கா, "பத்து நிமிஷ நடையில இருக்கு மரம். அதைப் பாக்க பதினோரு நாள் போறீங்களா?" என்று கேட்டாள். சபதத்தை ஞாபகப்படுத்தினேன். அவள் போய் என் சட்டைகளை மடித்து வைத்தாள்.

சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். எதைப் பார்த்தாலும் முதலில் வேரைப் பார்ப்பவர். முதல் தோட்டத்தில் மற்றவர்கள் செடிகளைப் பார்த்துக்கொண்டு போக நான் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனேன், அதில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிக்கு வைத்திருந்த பலகையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, பையில் எப்போதும் ஒரு தூரிகையும் கறுப்பு எனாமல் டப்பாவும் வைத்திருப்பேன் என்பது தங்களுக்குத் தெரியும், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் விட்டுப்போனதை எழுதிக்கொண்டிருக்கையில் காவலாளி கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "என்ன சார் பண்றீங்க?" என்றார். "பிழை திருத்தறேன்" என்றேன். "எங்க பலகைல நீங்க எதுக்கு எழுதறீங்க?" என்றார். பல் டாக்டர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து என்னை மீட்டார். அந்த அவசரத்தில் டப்பாவைச் சரியாக மூடாமல் பைக்குள் போட்டதில் தங்கள் அக்கா மடித்து வைத்த ஐந்து சட்டைகளும் கறுப்பாயின. மீதி நாட்கள் முழுவதும் உடம்பில் இருந்த ஒரே சட்டையோடுதான் இருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

இரண்டாவது தோட்டத்தில் பல வருடங்களுக்கு ஒருமுறை பூக்கும் ஆள் உயரப் பூ ஒன்று அன்றைக்கென்று விரிந்திருந்தது. பிண நாற்றம் அடிக்கும், அதற்காகவே ஊரெல்லாம் திரண்டு வரும் என்றார்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆனந்தப்பட்டார்கள். எனக்கு ஜலதோஷம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பலகை நன்றாக இருந்தது, பித்தளையில் எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கியிருந்தார்கள். அதைப் படித்து முடித்து நிமிர்வதற்குள் வரிசை என்னை வெளியே தள்ளிவிட்டது. சங்கத்தார் எடுத்த படத்தில் பூ இருக்கிறது, குனிந்திருக்கும் என் முதுகும் இருக்கிறது. தாங்கள் தாங்கள் என்று எழுதி எனக்குக் கை வலிக்கிறது தம்பி. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மலைக்குப் போகிற வழியில் பாதையில் மண் சரிந்து கிடந்தது. இறங்கி நாலு மைல் நடக்க வேண்டியதாயிற்று. முதல் மைலிலேயே என் இடது செருப்பின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. பலகை கட்டும் கம்பி பையில் இருந்தது, அதை வைத்துக் கட்டினேன், கட்டு பலமாகத்தான் இருந்தது, கம்பி முனை மட்டும் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அட்டைக்கடி வேறு. பல் டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு, "பேசாம பேருந்துல இருந்திருக்கலாமே சார்" என்றார். "நான் வந்ததே இந்த மரத்துக்காகத்தான்" என்றேன். அவருக்கு என்மேல் முதன்முறையாக ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன். என்ன காரணத்துக்காக வந்தேன் என்பதை நான் சொல்லவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் என்ன தெரியுமா, ஒரு மரத்திலும் பலகை இல்லை. ஆயிரக்கணக்கில் மரம், கொடி, பெரணி, ஒன்றுக்கும் பெயர் எழுதி வைக்கவில்லை. எங்களைக் கூட்டிப்போன வனக்காவலரிடம், "எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர், "பாத்தா தெரியுமே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதற்குமேல் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியதும், ஒரு சரிவில் இருபது முப்பது பனைகள் நின்றன. "இதுதான் நீங்க கேட்ட மலை விசிறி" என்றார். காற்று அடித்தது. எல்லா இலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின. சரிவு முழுவதும் வெள்ளையாயிற்று.

நான் கிட்டே போய் ஒரு தாழ்ந்த இலையை வளைத்தேன். மட்டையின் முள் என் சட்டையை வலது முழங்கைப் பக்கம் கிழித்தது. தம்பி, அந்தக் கிழிசல் எனக்குத் தெரியும். கண்ணாடி வீட்டு வாசலில் மேற்குப் பக்க மரத்தடியில் உட்கார்ந்துதான் அத்தனை வருடமும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன், அங்கே நிழல் அதிகம், மட்டை முள்ளும் இதே இடத்தில்தான் கிழிக்கும், என் சட்டை எல்லாவற்றிலும் வலது முழங்கையில் உன் அக்கா தையல் போட்டிருக்கிறாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தேன். எச்சிலைத் தொட்டுக்கூடத் தேய்த்தேன். சங்கத்தார் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வனக்காவலர், "சார், அது அழுக்கு இல்ல, அதோட நிறமே அதுதான்" என்றார். "சுண்ணாம்பா இருக்குமோன்னு பாத்தேன்" என்றேன். அவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அந்தக் காட்டில் வெள்ளையடிக்க ஒரு சுவர் கூட இல்லை.

ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். விரல் வலி என்று நினைத்து ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இப்போது உன்னிடம் ஒன்று சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் வந்திருக்கிறேன். விசாரணை அன்று துணியில் வெள்ளை வந்தது நிஜம், அந்த வாரம் சுவருக்கு வெள்ளையடித்ததும் நிஜம். ஆனால் துடைத்த இடத்தில் இலை பச்சையாக இல்லை. சுண்ணாம்புக்கு அடியில் இன்னொரு வெள்ளை இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இலையை விட்டுவிட்டேன், அது மேலே போய்விட்டது. இயக்குநர் துணியை மட்டும்தான் பார்த்தார். உன்னை உரக்குழிக்கு அனுப்பியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் நீ சாயங்காலம் கை கழுவிக்கொண்டு நிற்பதைத் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி.

நேற்றுத் திரும்பி வருகையில் ரயிலில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி பார்த்தேன். கண்ணாடி வீட்டு வாசலை அகலப்படுத்துகிறார்களாம். அதற்காக இரண்டு பனைகளில் சாதாரண வகையான தோட்ட விசிறியை வெள்ளிக்கிழமை வெட்டிவிட்டு, அரிய வகையான மலை விசிறியைக் காப்பாற்றப் போகிறார்களாம். என் பலகையை நம்பி, காப்பாற்ற வேண்டிய மரத்தை வெட்டப்போகிறார்கள். நீ இப்போது தலைமைத் தோட்டக்காரன். உன் மேற்பார்வையில்தான் வெட்டு நடக்கும். ஆகவே பலகையில் தோட்ட விசிறி என்று இருக்கும் மரத்தின்மேல் யாரையும் கைவைக்க விடாதே. மலை விசிறி என்று இருப்பதை வெட்டச் சொல். இயக்குநருக்கும் இதையே தெளிவாக எழுதி, முப்பத்தொரு வருடப் பலகை எழுத்தர் என்று கையெழுத்துப் போட்டு, இன்று காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அவர் உன் பேச்சைக் கேட்காவிட்டாலும் என் எழுத்தை நம்புவார். முன்பும் நம்பியவர்தான்.

செய்த தப்பை நானே என் கையால் திருத்திவிட்டேன் என்ற நிம்மதியோடு இதை முடிக்கிறேன். உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், நல்ல கையெழுத்தோடு இருக்கட்டும். உனக்கு எல்லா நலனும் சேரட்டும். இதை உன் அக்கா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா கணவன்

பின்குறிப்பு: மேலே நான் எழுதியபடி எதையும் செய்துவிடாதே.

உறையில் போடுவதற்கு முன் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வெட்டு என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அந்தப் பலகைங்களை அவன் எப்பவோ மாத்தி மாட்டிட்டானே" என்றாள். நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நீ ஏணி போட்டு, கிழக்கில் இருந்ததை மேற்கிலும் மேற்கில் இருந்ததைக் கிழக்கிலும் மாட்டினாயாம். நான் அந்தப் பக்கம் வரப்போவதில்லை, எனக்குத் தெரிய வேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். பூங்கா முழுவதும் புதுப் பலகை வந்தபோதும் அந்த இரண்டு தகரத்தை மட்டும் கழற்ற விடாமல், வருடா வருடம் என் எழுத்தின் மேலேயே நீ மை தடவி வருகிறாயாம். "அவரு எழுத்து அது, இருக்கட்டும்" என்று சொன்னாயாம். நான்கு வருடம், தம்பி. மரத்தின் பெயரையும் சரி செய்துவிட்டு, நான் சொன்னதே சரி என்று என்னையும் நினைக்க விட்டிருக்கிறாய். அவளிடம், என்னை ஏன் பதினோரு நாள் அலையவிட்டாய் என்று கேட்டேன். "நீங்களே போய்ப் பாத்துட்டு வரணும்னுதான்" என்றாள்.

ஆக, வெள்ளிக்கிழமை அவர்கள் வெட்டவிருந்தது சரியான மரம். இயக்குநருக்கு நான் எழுதியிருப்பதுதான் தப்பான மரம். கிழக்கு மேற்கு என்று எழுதியிருந்தாலாவது தப்பித்திருக்கும், வழக்கப்படி பலகையை வைத்தே எழுதித் தொலைத்தேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அது வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் மேசைக்கு வரும். சபதம் கிடக்கட்டும், நான் எட்டு மணிக்கே அங்கே வந்து நின்றுவிடுகிறேன். வாசலில் இப்போது இருக்கும் காவலாளிக்கு என்னைத் தெரியாது. நீ கொஞ்சம் வெளியே வந்து நில். யார் இவர் என்று கேட்டால், பலகை எழுதினவர் என்று மட்டும் சொல்லாதே. எங்க அத்தான் என்று சொல்லு, போதும்.