தலைவலி மேலாண்மைக் குழு

மற்ற நோய்களுக்கு மருத்துவர் பற்றாக்குறை இருக்கலாம். தலைவலிக்கு மட்டும் அந்தக் குறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நெற்றியில் கை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் உடனே நிபுணராகிவிடுவார். இந்த மகத்தான இலவசச் சேவையை ஆண்டுக்கணக்கில் அனுபவித்த ஒரு பாக்கியசாலியின் வரலாறு இது.

அவர் பயணப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் புகார் பிரிவில் இருந்தார். சக்கரம் கழன்றவர்களும் ஜிப் பிய்ந்தவர்களும் தொலைபேசியில் அவரைத்தான் திட்டுவார்கள். தினமும் ஒற்றைத் தலைவலி. இடது புருவத்துக்கு மேல் யாரோ வாடகை கொடுக்காமல் குடியேறி, சுவரெல்லாம் ஆணி அடிப்பது போலிருக்கும். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தால் மாடி முழுக்க மணக்கும் என்பதால் அலுவலகம் அவருக்குத் 'தைலம்' என்று பட்டம் சூட்டிக் கௌரவித்தது.

உண்மையைச் சொன்னால், தைலத்துக்கு அந்தப் பட்டத்தில் ரகசியப் பெருமையும் உண்டு. வேறு யாராவது “லேசா தலை வலிக்குது” என்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். லேசாக வலிப்பதெல்லாம் ஒரு வலியா?

வீட்டில் மனைவி காலையிலேயே வானிலை விசாரிப்பாள்.

“இன்னிக்கு எப்படிங்க?”

“இப்போதைக்கு மேகமூட்டம். மத்தியானத்துக்கு மேல இடி.”

“சாயங்காலம் எங்க அண்ணன் வீட்டுக்குப் போகணுமே?”

“அந்தப் பக்கம் புயல் எச்சரிக்கை.”

அவள் தனியாகவே கிளம்பிப் போவாள். போவதற்கு முன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போவாள். இதுவரை ஒரு யோசனைகூடச் சொல்லாத ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே தைலம் அவளைப் பெரிதாக மதிக்கவில்லை.

நரம்பு டாக்டர் சொன்னது கேட்கவே சப்பென்று இருந்தது. வேளைக்குச் சாப்பிட வேண்டும். வேளைக்குத் தூங்க வேண்டும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் மாத்திரையே வலியைக் கொண்டுவரும். கண் கூசும் வெளிச்சம் ஆகாது. இவ்வளவு சாதாரண விஷயத்தையா கடைப்பிடிப்பது? தைலம் தலையணையை மாற்றினார். மூக்குக் கண்ணாடியை மாற்றினார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாதம் இடது கையால் பல் தேய்த்தார். ஈறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில், வேறு வழியே இல்லாமல், டாக்டர் சொன்னதைச் செய்தார். பாதி வலி குறைந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

மீதிப் பாதி அலுவலகத்தில், அவர் தலைக்கு நேர் மேலே, விட்டுவிட்டு மின்னும் ஒரு டியூப்லைட்டில் இருந்தது. மேலாளர் அம்மையாரிடம் போனார். முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் பேசுவதில் பேர்போனவர் அந்த அம்மையார்.

“மேடம், அந்த ஒரு லைட்டைக் கழட்டிட்டா போதும்.”

கழற்றினால் ஏணி எடுத்த வேலை ஏணியோடு முடிந்துவிடும். ஆகவே 'தலைவலி மேலாண்மைக் குழு' அமைக்கப்பட்டது. குழு கூடியது, அதே லைட்டின் கீழ்.

“லைட்டை எடுத்தா ஸ்டாஃப் உற்சாகம் குறைஞ்சிடும்,” என்றார் மனிதவள அதிகாரி.

“அந்த உற்சாகம் எனக்கு மண்டையில குத்துதுங்க.”

“அதுக்குத்தான் ஒலிச் சிகிச்சை ஏற்பாடு பண்ணியிருக்கோம்!”

ஒரு நிபுணர் வெண்கலக் கிண்ணத்தோடு வந்து, தைலத்தின் காதருகே அதை ஓங்கித் தட்டினார்.

“அதிர்வு தெரியுதா சார்?”

“செத்துப்போன எங்க தாத்தாவே தெரியறாருங்க!”

என்று சொல்லிக்கொண்டே தைலம் எழுந்து ஓடினார். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பெட்டிகள் கிடக்கும் கிடங்குக்குள் புகுந்தார். நல்ல இருட்டு. உட்காரப்போனபோது இருட்டு பேசியது.

“கதவைச் சாத்துங்க. வெளிச்சம் வருது.”

மேலாளர் அம்மையார்! பெட்டிகளுக்கு நடுவே தரையில் படுத்திருந்தார். கண்மேல் ஈரக் கைக்குட்டை.

“மேடம்... உங்களுக்குமா?”

“ரொம்ப வருஷமா.”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

தைலத்துக்குச் சுருக்கென்றது. பரிதாபம் இல்லை, பொறாமை. அவருக்கு ஒரு பக்கம்தானே!

“ஏன் மேடம் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்ன உங்களை என்ன பண்றாங்கன்னு பாத்துட்டுத்தானே இருக்கேன்? உங்களுக்குத் தைலம்னு பேர். எனக்கு என்ன பேர் வைப்பாங்க? அடுத்த நாளே, பாவம் அந்தம்மாவால முடியலன்னு சொல்லி நாற்காலிய எடுத்துடுவாங்க.”

வெளியே கிண்ணம் வேறு யாரையோ குணப்படுத்திக்கொண்டிருந்தது. அம்மையாரின் குரல் நடுங்கியதைத் தைலம் அன்றுதான் கேட்டார். தன் பொறாமையை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

“நீங்க சொன்னா நானும் பக்கத்துல நிப்பேன் மேடம்,” என்றார்.

மறுநாள் கூட்டத்தில் அம்மையார் எழுந்தார். “எனக்கு மைக்ரேன் இருக்கு. இந்த லைட் ஆகல,” என்றார். தைலம் பக்கத்தில் நின்றார். மனிதவள அதிகாரி மெல்லக் கை தூக்கினார். “எனக்கும்தான் மேடம். கிண்ணச் சத்தத்துல நேத்து வாந்தியே எடுத்துட்டேன்.” அன்றைக்கே ஏணி வந்தது.

நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அம்மையார் நெற்றியைச் சுருக்கவும் பழகிக்கொண்டார். தைலத்துக்கு வலி போய்விடவில்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் வானம் வெளுத்திருந்தது. ஒரு சாயங்காலம் மச்சான் வீட்டுக்கேகூடப் போய் வந்தார். அனுபவத்தை மதித்து அவரையே குழுவுக்குத் தலைமை தாங்க வைத்தார்கள். இத்தனை நாள் தலையைத் தாங்கியவருக்குத் தலைமை ஒரு பாரமா? மளமளவென்று வேலை நடந்தது. இன்னும் சில லைட்டுகள் இறங்கின. ஜன்னல்களுக்குக் கனத்த திரை வந்தது. அலுவலகம் குகை போலக் குளுகுளுவென்று ஆயிற்று.

ஒரு நாள் கணக்குப் பிரிவுப் பெரியவர் சுவரைத் தடவித் தடவி அவர் மேசைக்கு வந்தார். கண்புரைக்காரர். முட்டியில் ஏதோ இடித்துக் காயம் வேறு.

“சார், எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. என் மேசைக்கு மட்டும் ஒரு சின்ன லைட் போட்டுக் குடுங்களேன்.”

தைலம் அவரைக் கனிவோடு உட்கார வைத்தார். தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார்,” என்றார். “எல்லாத்துக்கும் மனசுதான் காரணம்.”