கரைமேல் ஒரு பாட்டு

மகுடநாட்டில், சாரங்கதேவர் ஆட்சியின் பதினோராம் ஆண்டு ஆவணி மாதம், தலைநகரத்து மணிக்கூண்டின் கீழ் ஓர் அரசாணை ஒட்டப்பட்டது: இனித் திரைப்படங்களில் யாரும் பசியோடு இருக்கக் கூடாது.

அந்நாட்டு அரசர்கள் அரண்மனையை விட்டு வெளியே போவதில்லை. வெள்ளிதோறும் ஒரு படம் பார்ப்பார்கள். நாடு எப்படி இருக்கிறது என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்வார்கள். பரம்பரை வழக்கம். ஆணைக்குப் பிறகு திரையில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பசி ஒழிந்ததென்று மகிழ்ந்த அரசர் கஞ்சித்தொட்டிகளை மூடச் சொன்னார். அடுத்த ஆணை நோயாளிகளைத் திரையிலிருந்து விலக்கியது. அடுத்த மாதமே ஆஸ்பத்திரிகளில் பாதி படப்பிடிப்பு அரங்குகளாயின.

இயக்குநர் செங்கோடன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு காதல் படங்கள் எடுத்துவந்தார். ஆனால் அவருடைய தங்கை பொன்னரசி, நெடுங்கரை என்ற ஊரில், ஏரிக்கரைக்கு நேர்கீழே குடியிருந்தாள். கரையில் விரிசல் விட்டிருந்தது. கை உள்ளே போகும் அகலம். மனுக் கொடுத்து ஊர் ஓய்ந்துவிட்டது.

"நீ ஒரு படத்துல காட்டிடுண்ணே. ராஜா கண்ணுல பட்டாத்தான் மண்ணாவது கொட்டுவாங்க" என்றாள்.

செங்கோடன் விரிசலைப் பற்றியே ஒரு கதை எழுதி, மக்கள் மகிழ்ச்சித்துறை அமைச்சர் பூபதிராயரிடம் எடுத்துப்போனார். அமைச்சர் முழுவதும் படித்தார். கெட்ட மனிதர் அல்ல; வருத்தப்படவும் செய்தார்.

"நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவன், காசு கொடுத்து விரிசலைப் பார்க்க வேண்டுமா? அவன் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறதே."

பார்க்க வேண்டியது அவனல்ல, அரசர்தான் என்றார் செங்கோடன். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியானால் அதன்மேல் ஆடவிடுங்கள். நூறு பேர். விரிசல் அது பாட்டுக்கு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்."

செங்கோடன் ஒப்புக்கொண்டார். ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. கரைமேல் நூறு பேர் பட்டுடுத்தி ஆடினார்கள். அலங்காரக்காரர்கள் வழக்கம்போல அசிங்கத்தை மறைக்கச் சாமந்திச் சரம் கொண்டுவந்தபோது செங்கோடன் தடுத்தார். கதாநாயகியின் காலடியில் விரிசல் பளிச்சென்று தெரியும்படி எடுத்தார்.

அரசர் அந்தப் பாட்டை இருமுறை பார்த்தார். விரிசலையும் பார்த்தார்.

"நூறு பேர் குதிக்கிறார்கள், கரை அசையவில்லை. இதற்கா செப்பனிடச் சிமெண்ட் கேட்கிறார்கள்?"

ஊருக்கென்று ஒதுக்கிக் கிடப்பில் போட்டிருந்த சிமெண்டும் திருப்பி எடுக்கப்பட்டது. அதில் தலைநகரத்தில் ஒரு நடன மேடை கட்டினார்கள்.

அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் கரை உடைந்தது. கீழே இருந்த தெருக்கள் போயின. பொன்னரசியின் கணவரும் போனார்.

செங்கோடன் நிவாரண முகாமுக்குப் போனபோது அவள் அவரைத் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். அன்று மாலை, மக்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று அமைச்சர் அனுப்பிய படத்தைத் திரையிட்டார்கள். செங்கோடனுடைய படம். பாட்டு வருவதற்குள் எழுந்துவிட நினைத்தார். பொன்னரசி அவர் கையை விடவில்லை.

பாட்டு வந்தது. முகாமில் யாரும் ஆடுகிறவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், கரைக்குக் கீழே, ஓட்டு வீடுகளும் கோயில் வேம்பும் முழுசாக நின்றன. ஆளாளுக்குத் தம் வீட்டைத் தேடி விரல் நீட்டினார்கள்.

"இன்னொரு தடவை போடச் சொல்லுண்ணே. அவரு நம்ம வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கிறாரு."

படம் ஓட்டியவர் போட்டார். முடிந்ததும் வேறு யாரோ கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாட்டைத் தவிர மற்றதெல்லாம் வேண்டாமென்றார்கள்.

முகாம் அதிகாரி இதை அப்படியே மேலிடத்துக்கு எழுதினார். நெடுங்கரை மக்கள் ஆட்டம் பாட்டத்தை விரும்பிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று அரசருக்குத் தெரிவிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை முகாம் மூடப்பட்டது.