முன்வாசல் பசுமைக் குழு

உலகின் பெரிய முடிவுகள் எல்லாம் குழு போட்டுத்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, வாசற்கதவின் இரு பக்கமும் என்ன செடி வைப்பது என்ற கேள்வி எழுந்ததும், துணை மேலாளர் தம் வீட்டிலேயே ‘முன்வாசல் பசுமைக் குழு’ அமைத்தது மிகவும் சரி. தலைவர் அவரே. தொழில்நுட்ப ஆலோசகர், ஒரு காலத்தில் கள்ளிச்செடி ஒன்றை வாங்கி அதையும் வாடவைத்த அவருடைய தம்பி. மனைவி ‘சிறப்பு அழைப்பாளர்’. அதாவது, டீ கொண்டுவர அழைக்கப்படுபவர்.

ரோஜாவுக்கு முள் இருப்பதால் அது விருந்தினர் விரோதச் செடி என்று தள்ளுபடி ஆனது. செம்பருத்தி எதிர்வீட்டில் இருந்தது. அதனால் அதற்குத் தகுதியே இல்லை. குரோட்டன்ஸ் பற்றித் தம்பி வெகுநேரம் விளக்கினார். அவர் விளக்கியது வேறு ஏதோ செடி என்று பிறகு தெரிந்தது.

டம்ளர்களை எடுக்க வந்த மனைவி சொன்னாள்: “எதை வேணா வைங்க. ஜன்னலை மறைக்காம குட்டையா வைங்க. அந்த வெளிச்சத்துலதான் நான் தைக்கிறேன்.”

கதவை ஒட்டிய ஜன்னலடியில்தான் அவளுடைய தையல் மெஷின். தெருவின் பள்ளிச் சீருடை முழுக்க அங்கேதான் தைக்கப்பட்டது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடமும் அது ஒன்றுதான்.

“கருத்து பாராட்டுடன் பதிவு செய்யப்பட்டது” என்றார் தலைவர். ஒரு கருத்தை இதைவிட மரியாதையாக யாரும் அடக்கம் செய்திருக்க முடியாது.

ஆளுயரக் கூம்புச் செடிகள் இரண்டு தேர்வாயின. வீட்டுக்குக் ‘கம்பீரம்’ வந்தது. ஜன்னலுக்கு இருட்டு வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தடவித் தடவிப் பார்த்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் குழுவிடம் முறையிடவில்லை. மெஷினை இழுத்து வந்து, இரண்டு செடிகளுக்கும் நடுவே, வாசலிலேயே போட்டுக்கொண்டாள்.

அலுவலகத்தில் துணை மேலாளர் அளந்த பெருமையைக் கேட்டு, மேலாளரே செடி பார்க்க வந்த நாளிலும் அவள் அங்கேதான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“வாசல் பிரமாதமா இருக்கு. இவங்க யாரு?” என்றார் மேலாளர்.

துணை மேலாளருக்கு மானம் போய்விடும் போலிருந்தது. “தையல்காரம்மா சார்” என்று சொல்லிவிட்டார்.

அவள் தலை நிமிரவில்லை. மெஷினை மிதித்த காலையும் நிறுத்தவில்லை. “ஆமா சார். உள்ள போய் உக்காருங்க. இவரோட சம்சாரம் இருந்தா டீ போட்டுத் தரச் சொல்லுங்க.”

அன்று டீயைத் தலைவரே போட்டார். ஒரு மடக்குக் குடித்த மேலாளருக்கு உடனே அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்தது.

இதற்காகக் குழுவைக் குறை சொல்வது நியாயமில்லை. வெயில் எவ்வளவு வேண்டும், காற்று போதுமா, வேர் விட இடம் இருக்கிறதா என்றெல்லாம் நர்சரியில் விசாரித்த பிறகுதான் தலைவர் அந்தச் செடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்படி விசாரித்து அவர் அந்த வீட்டுக்குக் கொண்டுவந்த உயிர்கள் அவை இரண்டு மட்டும்தான்.